இறால் சுடும் நான்கு நிமிடம்: வீட்டு அடுப்பில் ஓர் இரவு உணவு

நான் முதன்முதலாக வீட்டில் இறால் சுட்ட இரவு விருந்தாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் தடவி இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு தோசைக்கல்லில் நெருக்கி அடுக்கி, பச்சை வாசனை போகட்டும் என்று பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் போட்டேன். தட்டுக்கு வந்தவை இறால்கள் அல்ல, சிவப்பு நிற அழிப்பான்கள். வந்தவர்கள் நல்லவர்கள். மசாலா அருமையாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார்கள். இறாலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தவறு எங்கே என்று பிடிபடச் சில மாதங்கள் ஆயின. நடுத்தர அளவு இறால் நன்கு காய்ந்த கல்லில் வேக மூன்று, நான்கு நிமிடம் போதும். ஆனால் அரைத்த பூண்டும் மிளகாயும் எண்ணெயில் வதங்கிப் பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிடமாவது ஆகும். இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால், மசாலா வேகாமல் நிற்கும்; அல்லது மசாலா வேகும் நேரத்தில் இறால் ரப்பராகிவிடும். குழம்பிலும் தொக்கிலும் இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே மசாலா வதங்கி எண்ணெய் பிரிந்த பிறகுதானே இறாலைப் போடுகிறோம்? அந்த வரிசையைச் சுடும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். மசாலாவை முன்பே வதக்கி ஆறவைத்து, அதன் பிறகு இறாலில் பூசினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, இறாலில் இருக்கும் ஈரத்தை விரட்டுவது.

கீழே உள்ள அளவுகள் நான்கு பேருக்கு. சுத்தம் செய்த இறால் கையில் இருந்தால், வேலை தொடங்கியதிலிருந்து தட்டில் விழுவது வரை முக்கால் மணி நேரம் ஆகும். 

எந்த இறால், எவ்வளவு

இன்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் அதிகம் கிடைப்பது வனாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இந்த இனத்தைப் பண்ணைகளில் வளர்க்க இந்தியாவில் 2009-இல் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அதுவரை பண்ணைகளில் கோலோச்சிய வரி இறாலை ஓரங்கட்டிவிட்டது. கடலில் பிடிக்கும் வெள்ளை இறாலுக்கு இனிப்பு அதிகம். பழவேற்காடு மாதிரியான உப்பங்கழிப் பகுதிகளில் விடியற்காலையில் வாங்கினால் வேறு எதுவும் பிடிக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களில் கடல் இறால் என்று பெரிய கூடை நிறையக் காட்டினால் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுடுவதற்கு வனாமியே போதும். ஒரே அளவில் கிடைக்கிறது என்பது அதன் பெரிய வசதி. அளவு ஒன்றாக இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். வியாபாரிகள் அளவைக் கவுண்ட் கணக்கில் சொல்வார்கள். 40 கவுண்ட் என்றால் கிலோவுக்கு நாற்பது இறால், அதாவது தலையோடு ஒன்று சுமார் 25 கிராம். கவுண்ட் எண் ஏற ஏற இறால் சிறுக்கும். சுடுவதற்கு 30 முதல் 40 கவுண்ட் சரியான அளவு. எழுபது, எண்பது கவுண்ட் பொடி இறாலைத் தொக்குக்கு விட்டுவிடுங்கள். வெளிப்பக்கம் சிவப்பதற்குள் உள்ளே காய்ந்துவிடும். 15 கவுண்ட் பெரிய இறால் பார்க்க அழகு, விலையும் அழகு. அதைக் கரி அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

தலையோடு ஒரு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போகக் கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும். இது தெரியாமல் அரைக் கிலோ வாங்கி, நான்கு பேருக்குத் தலைக்கு ஐந்து என்று எண்ணி வைத்த அனுபவம் எனக்கு உண்டு.

நல்ல இறாலின் தலை உடலோடு இறுக்கமாகப் பிடித்திருக்கும், ஓடு மினுங்கும், கடல்நீர் வாசனைதான் வரும். தலை ஆடினாலோ ஓடு வழுவழுத்தாலோ வேண்டாம். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தலைப்பகுதி கறுத்திருப்பது, இறாலின் உடலிலேயே உள்ள ஒரு நொதியால் நாளாக நாளாக ஏற்படுவது. அது மட்டுமே கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, ஆனால் பிடித்துச் சற்று நேரமாகிவிட்டது என்று சொல்லும். எனக்கு வழக்கமாக மீன் தரும் அம்மா ஒருமுறை சொன்னார்: தம்பி, உடனே சமைப்பதாக இருந்தால் தலையோடு கொண்டு போ, நாளைக்கு என்றால் தலையைக் கிள்ளிவிட்டுக் கொண்டு போ. அதில் அறிவியலும் இருக்கிறது. இறாலின் செரிமானச் சுரப்பி தலைக்குள்தான் உள்ளது. இறந்த பிறகு அதிலுள்ள நொதிகள் மெல்ல உடலுக்குள் கசிந்து சதையைக் குழையச் செய்யும். வாங்கியதை ஐஸோடு எடுத்து வந்து, வீடு சேர்ந்ததும் தலையை எடுத்துவிட்டால் சதை கட்டியாக நிற்கும். ஃப்ரிட்ஜில் சாதாரணக் குளிரில் ஒரு நாளுக்கு மேல் வைக்க நான் துணிவதில்லை.

உறைந்த இறாலையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. வாரநாள் இரவுக்கு அதுவே கைகொடுக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால், தண்ணீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் இருபது, முப்பது நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் ஓரம் வெந்துவிடும், நடு ஐஸாகவே இருக்கும். பாக்கெட்டின் பின்புறம் பொருட்பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால் அந்த இறால் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், கல்லில் விழுந்ததும் கக்கிவிடும். இறாலும் உப்பும் மட்டும் உள்ள பாக்கெட் நல்லது.

சுத்தம் செய்வது

இதில் அவசரம் வேண்டாம். வழிகாட்டி முழுவதிலும் பொறுமையாகச் செய்ய வேண்டியது இந்த ஒரு வேலைதான்.

இடது கையில் உடலையும் வலது கையில் தலையையும் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். தலை தனியே வரும். சில நேரம் குடலின் ஒரு முனையும் கூடவே வரும். பிறகு இறாலை மல்லாத்தி, கால்கள் முளைத்திருக்கும் இடத்தில் கட்டைவிரலை நுழைத்து ஓட்டைப் பக்கவாட்டில் விரித்தால் வளையம் வளையமாகக் கழன்று வரும். வால் நுனியையும் அதை ஒட்டிய கடைசி வளையத்தையும் விட்டுவிடுங்கள். கையால் எடுத்துக் கடிக்க அதுதான் கைப்பிடி.

அடுத்து முதுகுக் கோடு. நாம் அதை நரம்பு என்று சொல்கிறோம். உண்மையில் அது குடல். சிலவற்றில் கருப்பாக, சிலவற்றில் பழுப்பாக இருக்கும். சிலவற்றில் கண்ணுக்கே தெரியாது. அப்போது வயிறு காலியாக இருந்தது என்று பொருள். உள்ளே மண் இருந்தால் பல்லில் நறநறக்கும், அதற்காகவே எடுக்கிறோம். கத்தியால் முதுகில் மேலோட்டமாக ஒரு கீறல் போட்டு நுனியால் நெம்பினால் வந்துவிடும். கீறாமல் எடுக்க வேண்டுமானால், முதுகை வளைத்துப் பிடித்து இரண்டாவது, மூன்றாவது கணுக்களுக்கு நடுவே பல்குச்சியை நுழைத்து மெல்லத் தூக்குங்கள். முழுக் குடலும் நூல்போல எழும்பி வரும். நடுவில் அறுந்துவிட்டால் அடுத்த கணுவில் முயலுங்கள். வயிற்றுப் பக்கம் தெரியும் மெல்லிய கோடுதான் நிஜமான நரம்பு. அதை எடுக்க வேண்டியதே இல்லை.

கல்லில் சுடுவதற்கு நான் கீறும் முறையையே விரும்புகிறேன். கீறல் சற்று ஆழமாக, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் முதுகு வெந்ததும் மலர்ந்து விரியும்; மசாலா உட்கார ஓர் இடமும் கிடைக்கும். அதற்கு மேல் கீறினால் இரண்டாகப் பிளந்து தட்டையாகிவிடும்.

மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பிசறி இரண்டு முறை கழுவுவது நம் வீட்டு வழக்கம். செய்யுங்கள், ஆனால் சட்டென்று முடியுங்கள். உரித்த இறாலை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் இனிப்பு தண்ணீரோடு போய்விடும். கழிக்கும் தலைகளையும் ஓடுகளையும் குப்பையில் போடாதீர்கள். அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஈரத்தை விரட்டுவது

வடிகட்டியில் போட்டால் தண்ணீர் வடியும், காயாது. பழைய பருத்தி வேட்டித் துணியை விரித்து, இறால்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். துணியில் ஈரத் தடம் பதியும். இடம் மாற்றி இன்னொரு முறை ஒற்றுங்கள். விரலால் தொட்டால் வழுக்காமல் லேசாகப் பிடிப்பது போல இருந்தால் போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தண்ணீர் இருக்கும் வரை இறாலின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சுட்ட நிறமும் வாசனையும் வர அதைவிட வெகுவாக ஏறிய சூடு வேண்டும். கல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஈர இறால் முதலில் அவியும். அந்தத் தண்ணீர் வற்றி நிறம் பிடிக்க ஆரம்பிப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்து இறுகியிருக்கும்.

உலர்ந்த அரைக் கிலோ இறாலில் அரை டீஸ்பூன் தூள் உப்பும், கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் தூவிப் பிசறி, ஃப்ரிட்ஜில் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். சோடா சதையின் காரத்தன்மையை, அதாவது புளிப்புக்கு எதிரான தன்மையை, கூட்டுவதால் வேகும்போது புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிழிவது குறையும். கடித்தால் படக்கென்று முறியும் அந்தப் பதம் இதனால்தான் வருகிறது. கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் சவர்க்காரச் சுவை தட்டும். அளவுக் கரண்டி இல்லாதவர்கள் சோடாவை விட்டுவிடுங்கள், குறையொன்றும் இல்லை. பாஸ்பேட் போட்ட பாக்கெட் இறாலுக்கும் சோடா வேண்டாம்.

எலுமிச்சைச் சாற்றை இந்த இடத்தில் தொடவே தொடாதீர்கள். புளிப்பு பட்டால் இறால் அடுப்பைப் பார்க்காமலேயே வேக ஆரம்பிக்கும். அரை மணி நேரம் சாற்றில் ஊறிய இறால் ஓரமெல்லாம் வெளுத்து, சுட்டதும் மாவு மாதிரி உதிரும். என் முதல் விருந்தில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன் என்று சொன்னேன் அல்லவா!

மசாலா

காஷ்மீரி மிளகாய் 6, விதை உதிர்த்து வெந்நீரில் பத்து நிமிடம் ஊறியது. மிளகு 1 டீஸ்பூன், சோம்பும் சீரகமும் அரை அரை டீஸ்பூன். பூண்டு 8 பல், இஞ்சி ஒரு கட்டைவிரல் நுனி, சின்ன வெங்காயம் 5, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். மிளகாய் ஊறிய தண்ணீரைக் கொஞ்சமே விட்டு வெண்ணெயாக அரையுங்கள். கொரகொரப்பாக விட்டால் துகள்கள் கல்லில் கருகிக் கசக்கும்.

சிறிய கடாயில் 3 மேசைக்கரண்டி கடலெண்ணெய் காய்ந்ததும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பொரித்து எடுத்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் விழுதைப் போட்டு, தீயை மிதமாக்கி, கரண்டியை எடுக்காமல் வதக்குங்கள். முதல் இரண்டு நிமிடம் பூண்டின் காரநெடி கண்ணைக் கரிக்கும். நான்காவது நிமிடத்தில் தண்ணீர் வற்றி விழுது கரண்டியோடு சேர்ந்து புரளும். ஏழெட்டு நிமிடத்தில் செங்கல் நிறம் ஆழமாகி, ஓரங்களில் எண்ணெய் கண்ணாடிபோல் பிரிந்து நிற்கும். நெடி போய், இனிமையான வறுத்த வாசனை வரும்போது இறக்குங்கள். தட்டில் பரப்பினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். சூடாகப் பூசினால் இறால் அங்கேயே வேக ஆரம்பித்துவிடும்.

உப்பு இறாலிலேயே இருப்பதால் மசாலாவில் ஒரு சிட்டிகை போதும். ஆறிய விழுதில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து அரைக் கிலோ இறாலில் பிசறுங்கள். பூச்சு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல இருக்க வேண்டும், சிமெண்ட் பூசியது போல இருக்கக் கூடாது. தடிமனாகப் பூசினால் வெளியே கருகும், உள்ளே ஈரம் நிற்கும், கல்லில் பாதி ஒட்டிக்கொள்ளும். மசாலா ஏற்கெனவே வெந்திருப்பதால் ஊறவைக்கவும் தேவையில்லை.

இரவு உணவை விரைவாக்குவது உண்மையில் இந்த விழுதுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பங்காகச் செய்து, மேலே எண்ணெய் மிதக்க ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். புதன்கிழமை அலுவலகத்திலிருந்து திரும்பி இறாலை மட்டும் உலர்த்தினால் போதும்.

கையில் இருப்பது அன்று காலை பிடித்த கடல் வெள்ளை இறாலாக இருந்தால், இந்தப் பகுதியை முழுவதும் மறந்துவிடுங்கள். உப்பு, உடைத்த மிளகு, கொஞ்சம் எண்ணெய். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் அந்த இறாலுக்குச் செய்யும் அவமரியாதை என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

குச்சியில் கோர்ப்பது

கல்லில் சுடுவதற்குக் குச்சி கட்டாயம் இல்லை. ஆனால் நாற்பது இறாலை ஒவ்வொன்றாகத் திருப்பும்போது முதலில் போட்டதற்கும் கடைசியில் போட்டதற்கும் ஒரு நிமிட வித்தியாசம் வந்துவிடும். இறாலுக்கு ஒரு நிமிடம் பெரிய காலம். ஐந்தைந்தாகக் கோர்த்தால் ஒரே புரட்டலில் வேலை முடியும். மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். அப்போதும் நுனி கருகத்தான் செய்யும், ஆனால் தீப்பற்றாது. ஒற்றைக் குச்சியில் கோர்த்தால் திருப்பும்போது குச்சி மட்டும் சுழலும், இறால் அப்படியே தொங்கும். தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என்று இரண்டு குச்சிகளை ஏணியின் கால்கள் போல இணையாகச் செருகினால் அந்தத் தொல்லை இல்லை. குச்சியின் நீளம் கல்லுக்குள் அடங்குகிறதா என்று முன்கூட்டியே வைத்துப் பாருங்கள்.

அடுப்பில்: மூன்று வழிகள்

முதல் வழி வார்ப்பிரும்பு. வரி போட்ட கிரில் சட்டி இருந்தால் நல்லது, கோடு கோடாகத் தழும்பு விழும். இல்லாவிட்டால் கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல் அதே ருசியைத் தரும். கோடு இருக்காது, அவ்வளவுதான். நான்-ஸ்டிக் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். இந்த அளவு சூட்டுக்கு அதன் பூச்சு ஏற்றதல்ல, சுமார் 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும்.

கல்லைப் பெரிய தீயில் ஐந்தாறு நிமிடம் வெறுமனே காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி உடனே ஆவியாகாமல் முத்துப்போல உருண்டு ஓட வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறாலின் மேல் தடவுங்கள், புகை குறையும். செக்கு நல்லெண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும் என்பதால் இங்கேயும் கடலெண்ணெய்தான். புகைபோக்கியைப் போடுங்கள், சன்னலைத் திறங்கள். கதவு திறந்திருந்தால் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும்.

ஒரு முறைக்குக் கல்லில் பாதி இடம்தான் நிரப்ப வேண்டும். இறாலுக்கு இறால் ஒரு விரல் இடைவெளி. வைத்தவுடன் சுரீர் என்ற சத்தம் வந்து, அந்தச் சத்தம் தொடர்ந்து நிற்க வேண்டும். அது தணிந்து களகளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டால் தண்ணீர் விட்டுவிட்டது, நெருக்கி அடுக்கிவிட்டீர்கள் என்று பொருள். பாதியை எடுத்துவிடுங்கள். வைத்ததை நகர்த்தாதீர்கள், அழுத்தாதீர்கள். ஒன்றரை நிமிடத்தில் ஓரங்களில் சாம்பல் நிறம் மறைந்து செம்மை ஏறி வரும். பாதித் தடிமன் வரை நிறம் மாறியதும் இடுக்கியால் திருப்புங்கள். கல்லைவிட்டு வர மறுத்தால் இன்னும் சில நொடிகள் பொறுங்கள், நிறம் பிடித்தால் தானே விடும். அடுத்த பக்கம் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். ஓர் அடுக்கு முடிந்ததும் கல்லைத் துடைத்து, மறுபடி ஒரு நிமிடம் காயவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

இரண்டாவது வழி ஓடிஜி என்னும் மின்சார அடுப்பு. மேல் கம்பி மட்டும் எரியும் கிரில் நிலையில் 230 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்து, தட்டையும் உள்ளேயே காயவைத்து, குச்சிகளை மேல் அடுக்கில் கம்பிக்கு அருகே வையுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம், நடுவில் ஒரு புரட்டல். புகையும் இல்லை, எண்ணெயும் தெறிக்காது. அந்தக் கரிந்த வாசனையும் கொஞ்சம் குறைவு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது கரி அடுப்பு. மொட்டை மாடியில் மட்டும். அறைக்குள்ளோ, கண்ணாடி அடைத்த பால்கனியிலோ கரி மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும். கொட்டாங்குச்சிக் கரி சூடாகவும் புகையில்லாமலும் எரியும். சுவாலை அடங்கி, கரிமேல் வெண்சாம்பல் படர்ந்து, உள்ளே சிவப்பு மின்னும் வரை அரை மணி நேரம் காத்திருங்கள். கம்பி வலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டி மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் சூடு சரி. இங்கே பெரிய இறாலை ஓட்டோடு சுடுவதுதான் என் விருப்பம். கத்தரிக்கோலால் முதுகு ஓட்டை நீளவாக்கில் வெட்டிக் குடலை எடுத்துவிட்டு, அந்தப் பிளவுக்குள் மசாலாவைத் தேய்த்தால் தணலின் மூர்க்கத்தை ஓடு தாங்கிக்கொள்ளும், சதை தன் சாற்றிலேயே வேகும். பக்கத்துக்கு இரண்டரை, மூன்று நிமிடம். கருவாட்டைத் தணலில் வாட்டிப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்டவர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல.

பதம் பார்ப்பது

நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் இறாலை இறவு என்றார்கள். அதன் வளைந்த முதுகைக் கவனித்துப் பாடியும் இருக்கிறார்கள். சமையல்காரரும் கவனிக்க வேண்டியது அந்த முதுகைத்தான். பச்சை இறால் கிட்டத்தட்ட நீண்டு கிடக்கும். வெந்ததும் பிறைநிலாவாக வளையும். தலைப்பக்கமும் வாலும் தொட்டுக்கொண்டு வட்டமாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது. குச்சியில் கோர்த்தவை வளைய முடியாது என்பதால், அங்கே நிறத்தை நம்புங்கள்.

நிறம் மாறுவதற்குக் காரணம் சுவையானது. அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறப் பொருள் பச்சை இறாலிலேயே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதால் சாம்பல் நீலமாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வருகிறது. ஆனால் மசாலா பூசிய இறாலில் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். ஆகவே மேல்பக்கத்தை விட்டுவிட்டு, முதுகுக் கீறலின் அடியைப் பாருங்கள். அங்கே கண்ணாடித்தன்மை போய்ப் பால்வெள்ளை வந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தடிமனான தலைப்பக்கத்தில் ஒன்றை வெட்டிப் பார்த்துவிடுங்கள், சமைத்தவருக்கு அந்த ஓர் இறால் கூலி. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, கடல் உணவுக்கான பொதுவான பாதுகாப்பு அளவு 63 டிகிரி செல்சியஸ்.

நடுவில் நூலளவு கண்ணாடித்தன்மை மிச்சமிருக்கும்போதே கல்லிலிருந்து எடுத்துச் சூடான தட்டில் ஒரு நிமிடம் வைத்தால், உள்ளே இருக்கும் சூடே மீதியை முடித்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் சமைக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம், முழுவதும் வெளுத்த பிறகே எடுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர் யாராவது சாப்பிட வருகிறாரா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்த ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் சூட்டில் அழிவதில்லை. எவ்வளவு சுட்டாலும் ஆபத்து ஆபத்துதான்.

இறக்கிய பிறகு

எலுமிச்சைக்கு இப்போதுதான் நேரம். சூடு தணிவதற்குள் அரை மூடியைப் பிழிந்து, ஒரு சிறு கட்டி வெண்ணெயைப் போட்டுக் குலுக்கி, பொரித்து வைத்த கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கித் தூவுங்கள். வெண்ணெயை முதலிலேயே பூசினால் கல்லில் கருகிவிடும்.

கூடச் சாப்பிட என்ன? சின்ன வெங்காயத்தை மெல்லிய வட்டமாக அரிந்து உப்பும் எலுமிச்சையும் பிசறியது, ஒரு வெள்ளரி. சப்பாத்தியில் சுருட்டியும் சாப்பிடலாம். எங்கள் வீட்டில் சூடான சோறும் ரசமும்தான், அந்த ரசமும் இறால் ரசம். தலைகளையும் ஓடுகளையும் ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வறுத்து, மூன்று தம்ளர் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். ரசத்துக்குத் தண்ணீருக்குப் பதிலாக அதை விடுங்கள். தக்காளியும் புளியும் மிளகும் வழக்கம்போல. பருப்பு வேண்டாம்.

வேலைகளின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வந்ததும் குச்சியைத் தண்ணீரிலும் மிளகாயை வெந்நீரிலும் போட்டுவிட்டு, அரிசியைக் களைந்து குக்கரில் ஏற்றுங்கள். இறாலை ஒற்றி, உப்பு சோடா பிசறி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பக்கம் மசாலா வதங்கட்டும், மறுபக்கம் ஓடு கொதிக்கட்டும். மசாலா ஆறும் பத்து நிமிடத்தில் ரசத்தை முடித்து வெங்காயத்தை அரியுங்கள். பிறகு பூசி, கோர்த்து, கல்லைக் காயவையுங்கள். எல்லோரும் தட்டின் முன் உட்கார்ந்த பிறகே முதல் இறால் கல்லில் விழ வேண்டும். சுட்ட இறால் யாருக்காகவும் காத்திருக்காது.

மிஞ்சினால், மிஞ்சுவது அபூர்வம், மறுநாள் சூடு பண்ணாதீர்கள். இரண்டாம் முறை சூடேறும்போது எல்லா உழைப்பும் வீணாகி அந்த அழிப்பான் திரும்பி வந்துவிடும். பொடியாக நறுக்கி, தோசை வார்த்து மூடும் கடைசி அரை நிமிடத்தில் மேலே தூவிக்கொள்ளுங்கள்.